குளிருக்கு வழி விட்ட ராணி அக்கா

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுத்துப் பார்த்தால் திரையில் ராணி அக்காவின் பெயர். அக்காவின் அழைப்பை நான் ஒருநாளும் "ஹலோ" என்று எடுத்ததில்லை. அன்றும் அப்படி எடுக்கவில்லை.

"என்னக்கா, விறகு முடிஞ்சுதோ? இல்லாட்டி என்ர ஞாபகம் வந்திட்டுதோ?" என்றேன்.

மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவருடைய கணவர் அருளண்ணையின் குரல் வந்தது.

"ராணி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை," என்றார்.

அவ்வளவுதான். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. பாரிசவாதம் வந்த பிறகு அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தவை மூன்று சொற்கள்: ஓம், இல்லை, ராணி. நாலாவது ஒன்று பிறகு வந்து சேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்று காலையில் இருந்த சொற்களில் இரண்டை எடுத்து இந்த உலகத்தின் மிகப் பெரிய செய்தியை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். கையிலிருந்த ரயர்ச் சாவியைக் கீழே வைத்துவிட்டு நான் அந்த ரயரின் மேலேயே இருந்துவிட்டேன்.

நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்று பாஸ்டர் கேட்டபோது, "நான் எழுதினால் பகிடியாய்ப் போயிடும் பாஸ்டர்" என்றேன். "அவவைப் பற்றி அழுதழுது எழுதினா அவவுக்கே பிடிக்காது. நீ எழுது" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மதிலில் இருந்த நேரம்தான் அதிகம். ஆகவே பிழை கண்டால் பாஸ்டரைக் கேளுங்கள்.

ரண்டர்ஸிலிருந்து விபோர்க் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே இருக்கிற அந்தச் சிவப்புச் செங்கல் வீட்டை உங்களில் பலர் அறிவீர்கள். சனிக்கிழமை செபக்கூட்டம் அங்கேதான். அக்கா கோழி ஆலையில் வேலை செய்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு. முன்பு இருந்தவர் ஒரு தச்சர். இந்த டென்மார்க் நாட்டில் மற்ற வீடுகளில் சுடுதண்ணீர் ஓடி வீடு சூடாகும். அந்தத் தச்சர் தன் வீட்டுக்குக் காற்றை ஓட விட்டிருந்தார். நிலவறையில் ஆள் உயரத்துக்கு ஒரு விறகு அடுப்பு. அதைச் சுற்றித் தகரச் சட்டை போட்டு, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு தகரக் குழாய். காற்றாடி கிடையாது, மோட்டார் கிடையாது. விறகை எரித்தால் சூடான காற்று தானாக எழும்பி, அறைகளின் தரையிலுள்ள சிறிய கம்பித் தட்டிகள் வழியாக வரும். இவற்றைவிட, வாசல் கதவுக்கு உட்பக்கம் இருக்கிற விறாந்தையின் தரையில் ஒரு பெரிய இரும்புத் தட்டியும் இருந்தது. ஒரு மேசை அகலம் இருக்கும். அது எதற்கென்று விற்றவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அருளண்ணைக்குப் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பியபோது, மாடிப்படி ஏற முடியாது என்று கீழே பின்னறையில் கட்டில் போட்டார்கள். வீட்டிலேயே தூரத்து அறை அது. அடுப்பிலிருந்து நீளமான குழாய் அதற்குத்தான். குளிர் தொடங்கியதும் அந்த அறை பனிப்பெட்டியாகிவிட்டது. மனிதருக்கு ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை. மற்றப் பக்கத்தால் நடுங்கிக்கொண்டிருந்தார்.

கொம்யூன் என்கிற உள்ளூர்ச் சபையிலிருந்து அவரைப் பார்க்க வந்த டெனிஷ் பெண் நல்ல மனிசி. கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் சொன்னார். இந்த அறையில் இப்படி ஒரு நோயாளியை வைத்திருக்க முடியாது, நெஞ்சுச் சளி பிடித்தால் தாங்கமாட்டார், அடுத்த முறை நான் வரும்போதும் அறை இப்படியே இருந்தால் முதியோர் இல்லத்தில் இடம் பார்ப்பதுதான் அவருக்கு நல்லது என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். அந்தப் பெண் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வம், அங்க அந்த மனிசன் மூண்டு சொல்லோட என்ன செய்யும்? 'ராணி' எண்டு கூப்பிட்டா ஆர் திரும்பிப் பாப்பினம்?"

எனக்குப் பகிடி வரவில்லை. அது எனக்கு அபூர்வம்.

அதன் பிறகு எல்லோரும் நிபுணர்களாகிவிட்டோம். ஒருவர் இன்னும் விறகு போடச் சொன்னார். போட்டோம். முன்னறையில் இருந்தவர்கள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்கள், பின்னறை அப்படியே கிடந்தது. என் பங்குக்கு நான் சொன்னது: "குளிர் வாற ஓட்டை எல்லாத்தையும் அடையுங்கோ." நாங்கள் வெப்ப நாட்டுச் சனம்; குளிர் என்றால் எங்களுக்கு அது கள்ளன் மாதிரி, கதவைப் பூட்டினால் வரமாட்டான் என்று நம்புகிறவர்கள். பின்னறைக் கதவைப் பூட்டியே வைத்து, கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தோம். விறாந்தையிலுள்ள பெரிய தட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கால் விறைக்கும். அப்படியென்றால் குளிர் அதற்குள்ளிருந்துதான் வருகிறது என்று தீர்மானித்து, அதற்கு மேலேயே சப்பாத்துகளைக் கழற்றிவிடும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமைகளில் முப்பது நாற்பது சோடி குளிர்ச் சப்பாத்துகள் அதன்மேல் மலையாகக் குவியும். பனியில் நனைந்த சப்பாத்துக்கு இரும்புத் தட்டி நல்ல இடம்தானே, தண்ணீர் வடிந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் அறை சூடாகவில்லை. அக்கா எங்கள் ஒருவரையும் பேசவில்லை. அடுப்பைப் பேசினார். "சாப்பிடுறது மாடு மாதிரி, தாறது ஆடு அளவும் இல்லை" என்று கால் அளவைவிடப் பெரிதான மரச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்குவார். கீழிருந்து குழாய்க்குள் வாயை வைத்துக் கத்துவார்: "வருதோ?" அந்தச் சத்தம் குழாய் வழியே பின்னறைத் தட்டியால் வெளியே வரும். அருளண்ணை கட்டிலில் கிடந்தபடி, "இல்லை" என்பார். அதுவும் குழாய் வழியே கீழே போகும். நான் ஒருநாள் நடுவில் நின்று கேட்டேன். கலியாணம் கட்டி இத்தனை வருசத்துக்குப் பிறகு இரண்டு பேர் தகரக் குழாய்க்குள்ளால் குடும்பம் நடத்துவதைக் கண்டு, "அக்கா, சூடு வரேல்லை, காதல் மட்டும் வருது" என்றேன்.

"உன்ர வாயை இந்தக் குழாயில வைச்சிருந்தா வீடு முழுக்க எப்பவோ சூடாகியிருக்கும்" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் இறகு. அருளண்ணையின் போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்ன வாத்து இறகு வெளியே வந்திருந்தது. அக்கா அதை இழுத்தெடுத்து நூலில் கட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்கத் தொடங்கினார். நான் சிரித்தேன்.

"என்னக்கா, வீட்டுக்குக் குறி பாக்கிறியளோ?"

"கோழி ஆலையில தரையில இறகு போற பக்கத்தைப் பாத்தா, எங்க காத்தை இழுக்குது எண்டு தெரியும். நாத்தம் படாம மூக்கை எந்தப் பக்கம் திருப்ப வேணும் எண்டதுக்காகப் பழகினது" என்றார். "கையால தடவினாக் குளிர் மட்டும்தான் தெரியும். அது வருதோ போகுதோ எண்டு கை சொல்லாது. இறகு சொல்லும்."

முன்னறைத் தட்டியின் மேல் பிடித்தார். இறகு துள்ளி எழும்பியது. பின்னறையில் பிடித்தார், நோய்க்காரன் மாதிரி அசைந்தது. பிறகு விறாந்தைக்கு வந்து, சப்பாத்து இல்லாத அந்த வார நாளில், பெரிய தட்டியின் மேல் பிடித்தார். இறகு மேலே வரவில்லை. நூல் விறைக்கும் அளவுக்குக் கீழே இழுபட்டுக் கம்பிக்குள் தலையை விட்டது.

அக்கா அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். "செல்வம், இது குளிர் வாற இடமில்லை. போற இடம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நான் சிரிப்பதில்லை என்றால் நம்பமாட்டீர்கள். கூட்டத்துக்கு வீடு நிறைந்திருந்தது. அருளண்ணைக்குப் பாட்டுக் கேட்கட்டும் என்று சனிக்கிழமைகளில் மட்டும் பின்னறைக் கதவைத் திறந்துவைப்பது அக்காவின் வழக்கம். பாட்டு முடிந்து பாஸ்டர் செபம் தொடங்கினார். அன்றைய செபமே அருளண்ணைக்காகத்தான். ஆண்டவரே இந்தச் சகோதரனுக்குச் சூட்டைத் தாரும், இந்த வீட்டிலிருந்து அவரைப் பிரிக்காதேயும் என்று எல்லோரும் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நின்றோம். நான் ஒரு கண்ணைத்தான் மூடியிருந்தேன். மற்றக் கண்ணால் பார்த்தால் அக்காவைக் காணவில்லை.

பின்னறையில் நிற்கிறார். கையில் இறகு. அது கொஞ்சமும் அசையாமல் செத்தது போலத் தொங்குகிறது. அக்கா இறகைப் பார்த்தார். பிறகு திறந்த கதவால் விறாந்தையைப் பார்த்தார். அங்கே சப்பாத்து மலை.

அடுத்த நிமிடம் வெளிக்கதவு திறந்தது. சப்பாத்துகள் பனிக்குள் பறக்கத் தொடங்கின. ஒவ்வொரு சோடியாக இல்லை, இரண்டு கையாலும் வாரி வாரி. பிள்ளைகளின் சப்பாத்து, பெரியவர்களின் சப்பாத்து, பாஸ்டரின் கறுப்புச் சப்பாத்து, எல்லாம். சத்தம் கேட்டு ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. பாஸ்டர் செபத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "சகோதரி, என்ன நடக்குது? பிசாசின்ர தொந்தரவே?" என்றார்.

"இல்லை பாஸ்டர்," என்றார் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு. "சப்பாத்து!"

கடைசிச் சோடியும் போனதும் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னறைக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். இறகைத் தட்டியின் மேல் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அது ஒரு பக்கம் சரிந்தது. பிறகு மெதுவாக, யாரோ கீழேயிருந்து ஊதுவது போல, எழும்பியது. எழும்பி நின்றது.  எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறேன். மயிர் கூச்செறிந்தது அன்றுதான்.

"மேல வந்த காத்து ஆறினாப் பிறகு திரும்பிக் கீழ போகவேணும். அது போனால்தான் அடுத்த சூட்டுக்கு இடம்," என்று அக்கா விளங்கப்படுத்தினார். "போற வழியில நாங்கள் சப்பாத்தைப் போட்டுட்டு, சூடு தா ஆண்டவரே எண்டு நிக்கிறம். அவரும் என்ன செய்யிறது?"

"அப்ப மற்ற நாளில ஏன் சூடில்லை? அப்ப சப்பாத்து இல்லையே" என்று நான் கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

அக்கா திரும்பி, கதவின் அடியில் சுருட்டிக் கிடந்த போர்வையைப் பார்த்தார். "மற்ற நாளில கதவைப் பூட்டி இதாலை மறிச்சம். கதவு திறக்கிற நாளில சப்பாத்தாலை மறிச்சம். ஒரு நாளாவது அந்தக் குளிரைப் போக விட்டமே?"

அப்போதுதான் கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அருளண்ணை சிரித்தார். ஒரு பக்கத்து உதடு மட்டும் ஏறி, உடம்பெல்லாம் குலுங்கிச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, "சப்... பாத்து" என்றார். அக்கா திரும்பிப் பார்த்தார். "சப்பாத்து!" என்றார் இன்னும் உறுதியாக. மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியும் தராத நாலாவது சொல் அப்படி வந்தது. அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் வெறுங்காலோடு பனிக்குள் இறங்கிச் சப்பாத்துத் தேடினோம். நான் வீட்டுக்குப் போனது இடது கால் சப்பாத்து இரண்டோடு என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா செய்ததெல்லாம் ஒரே அலுவல்தான்: போகிற காற்றுக்கு வழி விடுவது, வருகிற சூட்டை வழியில் தொலையாமல் பார்ப்பது. பின்னறைக் கதவைக் கழற்றி, அடியில் கை நுழையும் அளவுக்கு என்னை அரியச் சொன்னார். பூட்டியிருந்தாலும் குளிர் கதவுக்கு அடியால் விறாந்தைக்குப் போகட்டும் என்று. நான் கோணலாக அரிந்தேன். "காத்துக்குக் கோணல் தெரியாது, விடு" என்றார். முன்னறைக் குழாயில் இருந்த தகர மூடியைப் பாதி சாத்தி, சூட்டைப் பின்பக்கம் திருப்பினார். முன்னறையில் இருந்தவர்கள் குளிருது என்று முறையிட்டார்கள். "குளிர்ந்தாக் கையைத் தட்டிப் பாடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பாட்டின் வேகமே கூடியது.

நிலவறையில் போகும் நீளக் குழாயைச் சுற்ற நான் பழைய சேலைகளைத் தரச் சொன்னேன். வருடாவருடம் புகைபோக்கி துப்பரவாக்க வருகிற டெனிஷ்காரர் அப்போது அங்கே நின்றார். சேலை என்றதும் பதறி, தீப்பிடிக்கும் என்று தடுத்து, தீப்பிடிக்காத கல்பஞ்சை எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் மாட்டச் சொன்னார். போகும்போது விறாந்தையில் அக்காவின் இறகைக் கண்டு, தானும் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கரி படிந்த அந்தப் பெரிய மனிதர் தரையில் குப்புறக் கிடந்து இறகு இழுபடுவதைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி மறுபடியும் மறுபடியும் பிடித்தார்.

கொம்யூன் பெண் மறுபடி வந்த நாளில் நானும் இருந்தேன். அக்கா காலையிலேயே இரண்டு தரம் இறகைப் பிடித்துப் பார்த்துவிட்டார்.  அந்தப் பெண் வாசலில் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றினார். நீளமான, முழங்கால் வரை வருகிற சப்பாத்து. அதைத் தட்டியின் மேல் வைத்து, தோளிலிருந்த பெரிய பையையும், கழற்றிய தடித்த கோட்டையும் அதற்குப் பக்கத்திலேயே போட்டார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கொம்யூனுக்கு ஆர் சொல்வது?

பின்னறைக்குள் போய் அந்தப் பெண் கதிரையில் இருந்து கொஞ்ச நேரம்தான். அருளண்ணையின் முகம் சுருங்கியது. கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த சூடு குறைந்ததை அவர் உணர்ந்திருக்க வேண்டும். நல்ல கையை உயர்த்தி விறாந்தைப் பக்கம் நீட்டினார்.

"சப்பாத்து!"

அந்தப் பெண் திடுக்கிட்டு எழும்பினார். அக்கா ஓடிப்போய் எல்லாவற்றையும் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த டெனிஷில் விளங்கப்படுத்தினார். இறகையும் காட்டினார். அந்தப் பெண் திரும்ப வந்து இருந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்துத் துணியை அவிழ்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு அருளண்ணையின் கையைப் பிடித்து, மெதுவாக, "நீங்கள் இங்கேயே இருக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அருளண்ணை. தமிழ் தெரியாதவருக்கும் விளங்கிய ஓம் அது.

அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம் அந்த அறையில் அந்த மனிதர் கதகதப்பாகக் கிடந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். விறாந்தையில் சப்பாத்துப் போடுபவர்களை அறையிலிருந்தே பிடித்துவிடுவார். முகத்தில் காற்றுக் குறைந்தால் போதும், "சப்பாத்து!" என்று ஒரு முழக்கம். புதிதாக வருகிறவர்கள் அவரை ஒரு தீர்க்கதரிசி என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

அக்காவை அடக்கம் செய்த நாளில் கல்லறையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். ஓகூஸ் நகரத்திலிருந்து அக்காவின் மகன் வந்து அடுப்பை மூட்டியிருந்தான். அந்த வீடு அவ்வளவு சனத்தை முன்பு கண்டதில்லை. ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும், ஒருவரும் சொல்லாமலே, சப்பாத்தை வெளியே கொட்டிலுக்குள் கழற்றிவிட்டு வந்தார்கள். விறாந்தைத் தரையில் ஒரு சோடி இல்லை. அதைக் கண்டபோதுதான் எனக்கு முதன்முதலில் அழுகை வந்தது.

பாஸ்டர் செபம் தொடங்கினார். கண்ணை மூடினோம். இந்தமுறை நான் இரண்டு கண்ணையும் மூடினேன். அமைதிக்கு நடுவே பின்னறையிலிருந்து வந்தது:

"சப்பாத்து!"

எல்லோரும் விறாந்தையைப் பார்த்தார்கள். சப்பாத்து இல்லை. பாவம், மனிதர் துக்கத்தில் தடுமாறுகிறார் என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். "சப்பாத்து!" என்றார் மறுபடி, கோபத்தோடு. அப்போதுதான் கண்டேன். வாசலில் வருகிறவர்கள் முதலில் பார்க்கட்டும் என்று, அக்காவின் பெரிய படத்தை ஒரு மேசையில் வைத்து, பூ வைத்து, தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மேசை சரியாகத் தட்டியின் மேல் நின்றது.

"அக்கா, நீங்களே வந்து வழியில நிக்கிறியள்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், பாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு வீடு முழுவதும் சிரித்தது, பிறகு வீடு முழுவதும் அழுதது. நானும் மகனும் மேசையை இரு பக்கமும் பிடித்துத் தூக்கி, படம் சரியாமல், பூச் சிந்தாமல், சுவரோரம் நகர்த்தினோம். அக்கா படத்தில் தன் வழக்கமான முகத்தோடு, 'ஒழுங்காத் தூக்கு' என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் இப்போது அங்கேயே தங்கியிருக்கிறான். காலையும் மாலையும் கொம்யூனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விறகு போட நாங்கள் முறை வைத்திருக்கிறோம். சனிக்கிழமை என்னுடையது. அக்காவின் மரச் செருப்பு எனக்குச் சின்னது. ஆகவே நிலவறைக்குக் காலுறையோடு இறங்குகிறேன். அந்த இறகை மகன் எனக்குத் தந்துவிட்டான். என் தொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது கழற்ற மறந்து பகிடிக்கு ஆளாகிறேன். இனி நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்ற முதல் தரையைப் பார்ப்பேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வையும் இந்த இறகும்தான்.

போன சனிக்கிழமை விறகை அடுக்கி, தீ பிடித்து, தகரம் சடசடவென்று சூடேறும்வரை நின்றேன். பிறகு அக்கா நின்ற இடத்தில் நின்று குழாய்க்குள் வாயை வைத்தேன். இத்தனை வருசமும் அக்கா கேட்ட கேள்வியை நான் கேட்டேன்.

"அண்ணை, வருதோ?"

 நான் கையைக் குழாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம்," என்று வந்தது.